ஸ்லோவில் நிற்கணும்

மதுரைப் பட்டறைகளில் 'ஐட்லிங்' என்ற சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. 'ஸ்லோ' என்றுதான் சொல்வார்கள். "ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது", "எவனோ ஸ்லோவ ஏத்தி வச்சிருக்கான்", "ஸ்லோல மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே." ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்குப் பெயர் அது. 'பைய' என்ற அருமையான சொல்லைக் கையில் வைத்திருக்கிற ஊர், டிரைவரிடம் "பையப் போப்பா" என்று சொல்லிவிட்டு இன்ஜினிடம் மட்டும் ஸ்லோ என்று பேசுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஒரு பழைய பெட்ரோல் காரின் வியாதி எல்லாம் ஸ்லோவில்தான் தெரியும். காரணம் எளிது. கார்புரேட்டரின் தொண்டைக்குள் காசு அளவில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. காலை அழுத்தினால் அது திறக்கும், எடுத்தால் மூடும். முழுக்க மூடினால் இன்ஜின் செத்துப்போகும் என்பதால் மயிரிழை அளவு திறந்து வைத்திருப்பார்கள். அந்த மயிரிழை வழியாக மட்டுமே இன்ஜின் மூச்சு விடுகிறது. அப்போது வேறு எங்காவது ஒரு குண்டூசி ஓட்டை இருந்தால், காற்று அது வழியாகவும் புகுந்துவிடும். வேகமாகப் போகும்போது இது தெரியாது, ஏனென்றால் தொண்டையே திறந்து கிடக்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தன் சுவரேறிக் குதித்தால் யாருக்குத் தெரியும்? அதே ஆள் நடுச்சாமத்தில் குதித்தால் தெரு நாய் மொத்தமும் குரைக்கும். ஸ்லோ என்பது இன்ஜினின் நடுச்சாமம்.

அந்தக் குரைப்பைக் கேட்டு, திருடன் எந்தப் பக்கம் போனான் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தக் காது எப்படி உருவானது, அது ஏன் ஒரு ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்திப்போனது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

*

மதுரையில் இந்தக் கவலை எப்போது பெரிதாகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு 1942-தான் தோன்றுகிறது. அந்த மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரலில் யேனாங்யாங் எண்ணெய் வயல்களை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று பிரிட்டிஷ்காரர்களே அழித்தார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த நமக்குப் பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. பஸ்கள் நிற்க வேண்டிய நிலைமை.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். அதற்குள் மதுரைச் சீமையின் சாலைகளை ஆண்டுகொண்டிருந்தது. அவர்கள் பஸ் வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று இன்றும் பெரிசுகள் சொல்வதுண்டு. அந்த நிறுவனம் பெட்ரோல் பஞ்சத்துக்குக் கண்ட வழி 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. பஸ்ஸோடு ஓர் உயரமான இரும்பு உருளை. அதற்குள் அடுப்புக்கரி. போதுமான காற்று கொடுக்காமல் கரியை எரித்தால் அது முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவாகும். அதை வடிகட்டி, ஆறவைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விடுவார்கள். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எதற்கும் உதவாத நைட்ரஜன். அதனால் இன்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். போனாலும் பஸ் ஓடும்.

இதில் சிக்கல் ஓடும்போது இல்லை, நிற்கும்போது. அந்த அடுப்புக்கு ஊதுகுழல் இன்ஜின்தான். இன்ஜின் இழுக்கிற இழுப்பில்தான் கரி கனன்றுகொண்டிருக்கும். ரயில்வே கேட்டில் வண்டி கொஞ்ச நேரம் நின்றால் இழுப்பு குறைகிறது, கனல் மங்குகிறது, வாயு நீர்த்துப்போகிறது. கேட் திறந்ததும் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். இன்ஜினுக்கு நல்ல வாயு வேண்டிய நேரம் அது. வருவதோ சாம்பல் மூச்சு. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோகும். அதனால் நிற்கிற இடத்தில் ஸ்லோவை ஏற்றி வைக்க வேண்டும். ரொம்ப ஏற்றினால் கரி தீர்ந்துபோகும், அடுப்பு அளவுக்கு மேல் காயும். எவ்வளவு ஏற்றினால் போதும் என்பதற்கு ஓட்டுபவரிடம் இருந்த மீட்டர் காதுதான்.

என் பாட்டிக்கு ஊர் மேலூர் பக்கம். அவள் அதை 'கரி பஸ்' என்பாள். "நெஞ்சுச் சளி கட்டுன கிழவன் கணக்கா இருமிக்கிட்டே வரும்டா. நின்னா செத்துரும்னு டிரைவரு உறுமவிட்டுக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லியிருக்கிறாள். த்ராட்டில் கோளாறு பற்றி இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

போர் முடிந்து, பெட்ரோல் வந்து, பிறகு பஸ்கள் டீசலுக்கு மாறின. 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் நாட்டுடைமையாகி பாண்டியன் ரோடுவேஸ் பிறந்தது. பழைய டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் தகடு கிடையாது. கரி பஸ்ஸின் இருமல் பஸ் டிப்போவை விட்டுப் போய்விட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் டாக்ஸி ஸ்டாண்டு.

*

இங்கே கதை கொஞ்சம் லண்டன் பக்கம் போக வேண்டியிருக்கிறது. அங்கே லில்லி அண்ட் ஸ்கின்னர் என்று ஒரு செருப்புக் கம்பெனி. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னருக்குத் தோலை விட மோட்டார் பிடித்திருந்தது. 1905 வாக்கில் அவர் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் உள்ளே மேலும் கீழும் அசைகிற ஒரு துருத்தி. குடும்பத் தொழில் விடுமா? துருத்தியைத் தோலில் செய்தார். பிற்பாடு தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்ற பெயர் சுருங்கி எஸ்.யூ. ஆனது.

இந்த எஸ்.யூ. மற்றக் கார்புரேட்டர்களைப் போல இல்லை. ஃபியட்டில் வந்த சோலெக்ஸ் மாதிரியானவற்றில் ஸ்லோவுக்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட் உண்டு. ஓட்டத்துக்கு ஒரு பெரிய ஜெட். பெட்ரோல் தூசியில் சின்ன ஜெட் அடைத்துக்கொண்டால் வண்டி ஓடும், ஆனால் ஸ்லோவில் நிற்காது. ஃபியட் மெக்கானிக் முதலில் அந்த ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். பத்தில் எட்டு தடவை வேலை அதோடு முடிந்துவிடும். எஸ்.யூ.வில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜெட். அதற்குள் கூம்பிப்போகும் ஓர் ஊசி தொங்குகிறது. இன்ஜின் அதிகம் இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்பும், ஊசியும் எழும்பும், ஜெட்டின் வாய் அகலும். இழுப்பு குறைந்தால் ஊசி இறங்கி வாயை அடைக்கும். அவ்வளவுதான் அதன் சூத்திரம்.

ஊதுவதற்கு ஸ்லோ ஜெட் இல்லாத கார்புரேட்டரில் ஸ்லோ கெட்டுப்போனால் என்ன செய்வது? யோசிக்கத்தான் வேண்டும். ஃபியட்காரர், அம்பாசிடர்காரர் என்று மதுரை மெக்கானிக்குகளில் இரண்டு சம்பிரதாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். முதல்வர் கைவேகக்காரர். இரண்டாமவர் முதலில் பேச்சுக் கொடுப்பவர். எனக்கு இரண்டாம் கூட்டத்தின் மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, மறைப்பதற்கில்லை.

அம்பாசிடர் எப்படி எஸ்.யூ. கூட்டத்தில் சேர்ந்தது? 1926-ல் வில்லியம் மோரிஸ் எஸ்.யூ. கம்பெனியை வாங்கினார். அவருடைய மோரிஸ் கார்களிலும், மோரிஸ் கராஜ் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டிக்கொண்ட எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் அதுவே தொண்டையானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை கார்தான் வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் அம்பாசிடர் ஆயிற்று. 1950-களின் கடைசியில் அதற்கு 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின் வந்தது.

அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 1955-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு இருக்கை, தாழ்ந்த உடம்பு, வளைந்த முதுகு. 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதன் முதல் இன்ஜினும் 1489 சி.சி. பி-சீரிஸ்தான். அம்பாசிடருக்கு ஒரு எஸ்.யூ., எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு. கேம், கம்ப்ரஷன் என்று சில்லறை வித்தியாசங்கள். குதிரைத்திறன் அங்கே 70-ஐ ஒட்டி, இங்கே 50-ஐ ஒட்டி. மற்றபடி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1953-ல் டாரிஃப் கமிஷன் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் இங்கே கார் பூட்ட முடியாது என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இறக்குமதி அநேகமாக நின்றது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது நம்மூரில் சினிமாவில் கதாநாயகன் ஓட்டுவதாகவும், சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடுவதாகவும் சுருங்கிப்போனது. ஆனால் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே, வேட்டி துவைத்துக் காயப்போட்ட மாதிரி வெள்ளையாக வரிசை கட்டி நின்ற டாக்ஸிகளின் பானெட்டுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் காரின் இதயம் மாறுவேடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பழகியவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

*

நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் எம்.ஜி.ஏ. இருக்கிறது. திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள். ஊருக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் தாத்தா வாங்கியது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். நண்பர் அதை ஓடவைக்க ஆசைப்பட்டார். வேறு ஊரில் ஒரு பட்டறையில் இரண்டு தடவை கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினார்கள். ஜெட் புதுசு, ஊசி புதுசு, கேஸ்கட் புதுசு. செலவைச் சொன்னால் வீட்டில் பிரச்சினையாகும் என்பதால் எழுதவில்லை. ரிங் ரோட்டில் வண்டி பறந்தது. சிக்னலில் காலை எடுத்தால் மட்டும் ரகளை. ஒரு சமயம் இன்ஜின் இறங்காமல் 2,000 சுற்றில் நின்று கத்தும். அடுத்த சிக்னலில் அப்படியே அடங்கி அணைந்துவிடும்.

கடைசியில் ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். எழுபதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்க அம்பாசிடர் பார்த்தவர். எம்.ஜி.ஏ.வை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்ததும், "அட, நம்ம இன்ஜினு" என்றார்.

உடனே கை வைக்கவில்லை. வைத்தியர் மாதிரி கேள்விகள். "காலைல கூலா இருக்கப்ப எப்புடி? சூடேறுனப்புறம் எப்புடி?" இரண்டு நேரமும் ஒரே மாதிரிதான் என்றோம். மதுரையில் இது முக்கியமான கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிற கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துவிடும். அது வெயில் வியாதி, மத்தியானம் மட்டும் வரும். காலையிலும் வருகிறது என்றால் வேறு வியாதி.

அடுத்த கேள்வி: "தப்பு பண்ணா ஒரே தப்பா பண்ணுதா, வேற வேறயா பண்ணுதா?" ஒவ்வொரு தடவையும் வேறு என்றார் நண்பர். மேஸ்திரி தலையாட்டிக்கொண்டார். "ஒரே தப்புன்னா அடைப்பு. வேற வேற தப்புன்னா எங்கிட்டோ ஆட்டம்." அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் குறுக்கு வழியில் போகவில்லை. முதலில் கரண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தார், பிளக்குகளைக் கழற்றி மூக்கின் நிறத்தைப் பார்த்தார். கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் காற்று கூடுதல், செம்மண் நிறமென்றால் சரி. முன்பக்கம் இரண்டும் செம்மண். பின்பக்கம் இரண்டும் வெளுப்பு. முன் கார்புரேட்டர் முக்கியமாக முன்னிரண்டு சிலிண்டருக்கு ஊட்டுகிறது, பின்னது பின்னிரண்டுக்கு. எனவே முன்னது நிரபராதி. பின்னது வழியாகக் கள்ளக்காற்று வருகிறது.

கேபிள் சிக்குகிறதா என்று பார்க்க ஆக்சிலேட்டர் கேபிளையே கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டினார். கையால் திறந்து விட்டபோதும் அதே ரகளை. கேபிளும் நிரபராதி. பிறகு ஒரு பெயிண்ட் பிரஷ்ஷில் கெட்டியான இன்ஜின் ஆயிலைத் தொட்டு, கார்புரேட்டர் மேனிஃபோல்டில் உட்காரும் மூட்டைச் சுற்றித் தடவினார். ஓட்டை இருந்தால் எண்ணெய் அதைக் கணநேரம் அடைக்கும், சத்தம் மாறும். மாறவில்லை. பிரஷ்ஷை நகர்த்தி, த்ராட்டில் தகட்டைத் தாங்குகிற குறுக்குத் தண்டின் நுனியில் ஒரு சொட்டு விட்டார்.

இன்ஜினின் குரல் சட்டென்று தணிந்தது. நாலு நொடி பூனை மாதிரி உறுமியது. எண்ணெயை உறிஞ்சி முடித்ததும் பழையபடி கத்தியது.

"இங்ஙன இருக்காரு ஆளு" என்றார்.

அறுபது வருடப் புழுதியில் தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்துபோயிருந்தன. இன்ஜினை அணைத்துவிட்டு விரலால் பிடித்து ஆட்டினால் எங்களுக்கே தெரிந்தது. இரண்டு கேடு அதில். தேய்ந்த இடைவெளி வழியாகக் காற்று போகிறது. அதோடு, தண்டு ஆடுவதால் தகடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காருகிறது. ஒருமுறை விளிம்பில் தொற்றி நிற்கும், இன்ஜின் கத்தும். மறுமுறை முழுசாக அடைத்துக்கொள்ளும், இன்ஜின் அணையும். வேறு வேறு தப்பு. முன்பு பிரித்த பட்டறை மாற்றியதெல்லாம் பெட்ரோல் போகிற வழியை. கோளாறு இருந்தது காற்று போகிற வழியில்.

தீர்வு ஜெட்டிலோ ஊசியிலோ இல்லை, லேத்தில். கே.புதூர் தொழிற்பேட்டைக்கு எடுத்துப் போனோம். துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டலில் புஷ் கடைந்து இறக்கி, ரீமர் விட்டுத் தண்டுக்கு இழைத்தார்கள். தண்டு தன் எடையில் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. லேத்துக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கார்புரேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குண்ணே?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே தெரியாது. எப்படித் தெரியும்? அவர் நினைவு தெரிந்த காலத்துக் கார்கள் எதிலும் அது இல்லை.

பூட்டியபின் இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்வது ஒன்று பாக்கி. மேஸ்திரி கேட்டது ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை முன் கார்புரேட்டரின் வாயில் காட்டினார். பிறகு பின்னதன் வாயில். இரண்டின் 'ஸ்ஸ்ஸ்' ஒரே சுருதியில் வரும் வரை திருகினார். கல்யாண வீட்டில் நாயனக்காரர் ஒத்துக்காரரைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிக்கடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் ஹோஸைக் கொடுத்தார். முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பத்து நிமிடம் கழித்து, ஒன்றில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு இருப்பது பிடிபட்டது. அவருக்கு அது முதல் நொடியிலேயே கேட்டிருக்கிறது.

கடைசியாக ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு பிஸ்டனை மயிரளவு தூக்கினார். தூக்கும்போது இன்ஜின் வேகமெடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் கூடுதல். அணையப் பார்த்தால் குறைச்சல். சற்றே எழும்பி மறுபடி அடங்கினால் சரி. எழும்பி அடங்கியது.

*

இந்த வித்தை மேஸ்திரிக்கு முன்பே வழக்கொழியத் தொடங்கிவிட்டது. பலர் நினைப்பது போலக் கம்ப்யூட்டர் வந்து அதைக் கொல்லவில்லை. 1980 வாக்கில் அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் வந்தது. டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். பெட்ரோல் விலை அப்படி. பஸ்ஸுக்கு நடந்தது டாக்ஸிக்கும் நடந்தது. த்ராட்டில் தகடு இல்லாத இன்ஜினுக்கு மேஸ்திரியின் காதில் பாதி வேலையில்லாமல் போனது. 1983-ல் மாருதி வந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது புதுக் கார்களில் கார்புரேட்டரே போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. 2014-ல் உத்தர்பாரா ஆலை நின்றது. அதாவது, அம்பாசிடர் சாவதற்கு ரொம்ப முன்பே அதன் எஸ்.யூ. செத்துவிட்டது.

இதற்காக ஒப்பாரி வைக்க எனக்கு மனசில்லை. என்னுடைய சாதாரண கார் மழையிலும் வெயிலிலும் ஸ்லோவில் அசையாமல் நிற்கிறது. காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று நொடிக்கு நொடி பார்த்துத் தானே த்ராட்டிலைத் திருத்திக்கொள்கிறது. கோளாறு என்றால் ஸ்கேனரைச் செருகினால் எண் வரும். அந்த எண்ணைப் படிக்கும் பையன்கள் எந்த மேஸ்திரிக்கும் குறைந்தவர்களில்லை, எண் பொய் சொல்லும்போது கண்டுபிடிப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் செருகுவதற்கு இடமே இல்லாத வண்டியின் முன் அவர்களுக்குப் பேச மொழியில்லை.

அந்த வண்டிகள் இன்னும் இருக்கின்றன, சட்டமும் அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 50 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2021-ல் ஒன்றிய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கோ பழங்கார் ஊர்வலத்துக்கோ ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. நிற்பதற்கென்றே அனுமதிக்கப்பட்ட வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்லோதானே முக்கியம்?

அரசாங்கமும் வண்டியை ஸ்லோவில்தான் சோதிக்கிறது. பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் புகைச் சான்றிதழுக்காக எக்ஸாஸ்டுக்குள் குழாயை நுழைக்கும்போது அவர்கள் அளப்பது கால் எடுத்த நிலையில் வருகிற புகையை. பழைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டர் நிம்மதியாக நிற்கும் இடம் அந்த 3-ஐ ஒட்டியோ, ஒரு விரல்கடை மேலேயோதான். ரொம்பக் குறைத்தால் சான்றிதழ் வரும், சிக்னலில் வண்டி அணையும். கரி பஸ்ஸின் தொட்டிக்குள் விரும்பித் தயாரித்த அதே வாயுவை, இப்போது வெளியே விடாதே என்று அளக்கிறார்கள்.

இதற்கு மேல் இப்போது எத்தனால். 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதம் கலந்தார்கள், 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதப் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கி இன்று எங்கும் அதுதான். அலங்காநல்லூர்ச் சர்க்கரை ஆலை அரவையின்றிக் கிடக்க, நம்மூர் பங்குக்கு எங்கிருந்தோ எத்தனால் வருகிறது. சாதாரணப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 பங்கு போதும். அதே துளை வழியாக அதே காற்று வந்தால் பெட்ரோல் பற்றாது என்று அர்த்தம். புதுக் கார் மோப்பம் பிடித்துத் திருத்திக்கொள்ளும். எஸ்.யூ.வுக்கு மோப்பம் கிடையாது. ஊசி அதே ஊசி, துளை அதே துளை. ஸ்லோ தள்ளாட ஆரம்பிக்கும். பழைய ரப்பர் பாகங்கள் ஊறிப்போவது தனிக் கதை.

நண்பர் இதை மேஸ்திரியிடம் போனில் சொன்னார். எத்தனால், சதவீதம், விகிதம் எல்லாம் விளக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சாராயம் கலந்துட்டாய்ங்கன்னு சொல்றீக. அப்ப காத்து கூடுதலாத் தெரியும். ஜெட்டுக்கு அடில ஆறு பட்டை நட்டு இருக்குல்ல, அத ரெண்டு பட்டை இறக்குங்க. பிஸ்டனைத் தூக்கிப் பாருங்க. பத்தலைன்னா இன்னொரு பட்டை" என்றார்.

இரண்டு பட்டை போதவில்லை. மூன்றாவதில் நின்றது.